200 ஆண்டு அரை ஆயுள்: கணக்கு சொல்வதும் சொல்லாததும்

தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது அரிது. அப்போது உண்டான எதிர்ப்பொருள் இரத்தத்தில் எத்தனை காலம் நிலைக்கும்? அமன்னா, கார்ல்சன், ஸ்லிஃப்கா என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் இதற்கு விடை தந்தனர். 45 பேரின் இரத்த மாதிரிகளை 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்து, எதிர்ப்பொருளின் அளவு பாதியாகும் காலத்தை, அதாவது அரை ஆயுளைக் கணித்தனர். ரண ஜன்னிக்கு 11 ஆண்டுகள். தொண்டை அடைப்பானுக்கு 19. தட்டம்மைக்கோ 200-க்கும் மேல்!

இத்தனை பொறுமையான ஆய்வு பாராட்டுக்குரியது. இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகையில் பாதி ஏறத்தாழ மூன்று வாரங்களில் சிதைந்துவிடும். எனவே, அதை இடைவிடாது ஆக்கும் செல்கள் உடலில் இருந்தாக வேண்டும். எலும்பு மஜ்ஜையில் தங்கும் பிளாஸ்மா செல்களே அவை. ஆயினும், அச்செல்கள் நம் ஆயுள் முழுதும் வாழ்கின்றன என்று இக்கணக்கை மட்டும் கொண்டு கூறலாமா? மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, அரை ஆயுள் 200 ஆண்டுகளாயின், 26 ஆண்டுகளில் ஏற்படும் குறைவு சுமார் 9 விழுக்காடே. அளவீட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் விடை பெரிதும் மாறும். ஆகவே 200 என்பது 'குறைவு மிகச் சிறிது' என்பதையே காட்டுகிறது.

இரண்டாவது, தொட்டியின் நீர்மட்டம் மாறாததால் நீர் பழையது என்றாகாது. வடியும் அளவுக்குப் புதுநீர் வரலாம். நினைவுச் செல்களிலிருந்து புதிய பிளாஸ்மா செல்கள் தோன்றக்கூடும். ஆய்வாளர்கள் இதையும் சோதித்தனர். எட்டு எதிர்ப்பொருள்களில் ஐந்தின் அளவுக்கும் நினைவுச் செல்களின் எண்ணிக்கைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை. இது நல்ல சான்று. ஆனால் மறைமுகச் சான்று.

மூன்றாவது, கதிரியக்க அணுவின் அரை ஆயுள் அதன் சொந்தப் பண்பு. பிளாஸ்மா செல்லோ அண்டை செல்களின் தயவில் வாழ்வது. அவை சுரக்கும் 'ஏப்ரில்' போன்ற புரதங்கள் கிட்டாவிடில் அது மடிந்துவிடும். இடம் மாறினால் ஆயுளும் மாறும்.

செல்லின் வயதை நேரடியாக அறிய வழியுண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகிற்று. பின்னர் படிப்படியாகக் குறைந்தது. செல் பிறந்த காலத்தின் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். இம்முறையால், மனிதக் குடலில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிளாஸ்மா செல்கள் இருப்பதை 2017-இல் கண்டனர். ஆக, நீண்ட ஆயுள் கற்பனையன்று. ஆனால் அதை மெய்ப்பித்தது செல்லின் வயதே. இரத்தத்தின் அளவு அன்று. மாணவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.