பீபாப் ஒரே ராத்திரியில் பிறக்கவில்லை

ஜாஸ் வரலாற்றைப் படமாகப் போடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போடுகிறார்கள்: நியூ ஆர்லியன்ஸ், ஸ்விங், பீபாப், கூல், மோடல், ஃப்ரீ. நடுவில் அம்புக்குறிகள். இதில் ஸ்விங்கிலிருந்து பீபாப்புக்குப் போகும் அம்பு மட்டும் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். ஒரு பக்கம், ஜனங்கள் ஆடுவதற்காகப் பெரிய குழுக்கள் வாசித்த இசை. மறு பக்கம், நாலைந்து பேர் அசுர வேகத்தில் வாசிக்க, உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. நடுவில் என்னதான் நடந்தது?

நடந்தது பதிவாகவில்லை, அவ்வளவுதான். ஜூக்பாக்ஸும் ரேடியோவும் ரெக்கார்டைப் போட்டே காலத்தை ஓட்டியதால், நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பு போனது. ரெக்கார்டு வருமானத்தில் பங்கு கேட்டு, ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் பதிவு வேலைநிறுத்தம் செய்தது. டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. கொலம்பியாவும் ஆர்சிஏ விக்டரும் 1944 நவம்பர் வரை பிடிவாதம்.

சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1943-ல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் சேர்ந்து வாசித்தது இந்த இடைவெளியில்தான். அந்தக் குழுவின் ஸ்டூடியோ பதிவு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு புராஜெக்ட்டில் இரண்டு வருட கமிட் காணாமல் போய், கடைசி வெர்ஷன் மட்டும் கிடைத்தால், யாரோ ஒரே ராத்திரியில் எழுதிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்? 1945 நவம்பரில் பார்க்கர் பதிவு செய்த 'கோ-கோ' நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அதற்காக வேலைநிறுத்தம்தான் பீபாப்பை உருவாக்கியது என்று சொன்னால் அதுவும் தப்பு. விதை முன்னாடியே இருக்கிறது. 1939-ல் கோல்மன் ஹாக்கின்ஸ் 'பாடி அண்ட் சோல்' பாட்டின் மெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு, மீதியெல்லாம் கார்ட்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு மனோதர்மமாக வாசிக்கிறார். 1941-ல் ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸில் சார்லி கிறிஸ்டியன் வாசித்த கிட்டாரை ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தன் சொந்தக் கருவியில் பதிவு செய்தார். தாளக்கட்டின் எல்லையைத் தாண்டி ஓடும் நீளமான வரிகள் அதில் கேட்கின்றன. 1944 பிப்ரவரியில் கில்லெஸ்பியை வைத்து, முதல் பீபாப் பதிவுகள் என்று பலரும் சொல்லும் ரெக்கார்டுகளைச் செய்தது யார் தெரியுமா? அதே ஹாக்கின்ஸ். பழைய தலைமுறைக்காரர்!

'கோ-கோ'வின் பெருமை இதனால் குறையாது. 'செரோக்கி' பாட்டின் கார்ட்ஸ் மேல் கட்டியது அது. ஆனால் அந்தப் பாட்டின் மெட்டே வராது. சின்ன முன்னுரை, உடனே பார்க்கரின் சோலோ. ஹாக்கின்ஸ் மிச்சம் வைத்த மெட்டையும் இவர் விட்டுவிட்டார். அதைத்தான் புதுசு என்பேன்.

இந்த நான்கையும் வருட வரிசையில் கேட்டுப் பாருங்க. அம்புக்குறி இருந்த இடத்தில் படிக்கட்டு தெரியும்.