அழ முடியாதவரின் நோவு: ஆனந்தின் ஆய்வுரைகள் ஒரு மதிப்பீடு

மருத்துவ ஆய்வுரைகளை இறையியல் ஏடொன்றில் மதிப்பிடுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வுறவு பழையது. எடின்பரோ மருத்துவர் சிம்சன் மகப்பேற்று நோவைத் தணிக்க மயக்கமருந்து கொடுத்தபோது, சமய மறுப்புகளுக்கு விடையாக 1847இல் சிறு நூலொன்றை எழுதினார். ஆதாமை ஆழ்ந்த நித்திரைக்குட்படுத்திய பின்னரே தேவன் விலாவெலும்பை எடுத்தார் என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. நோவைத் தணிப்பது தகுமா என்பது அன்றைய வினா. கன்வல்ஜீத் ஆனந்தின் எழுத்துகள் எழுப்பும் வினா வேறு. பிறனுக்கு நோவு உண்டென்று நம்புவதற்கு நமக்கு எத்தகைய சான்று வேண்டும்?

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தவர் ஆனந்த். சிப்பெல், ஐன்ஸ்லி-கிரீன் ஆகிய இருவருடன் 1987இல் 'லான்செட்' இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை அளவிற் சிறியது. இதயத்தருகே மூடாதிருந்த இரத்தக்குழாயைக் கட்டும் அறுவைக்குட்பட்ட குறைமாதக் குழந்தைகள் 16 பேரைப் பற்றியது அது. அனைவருக்கும் அக்கால வழக்கப்படி நைட்ரஸ் ஆக்சைடும், தசைகளை அசையாது நிறுத்தும் கியூரேயும் கொடுக்கப்பட்டன. எண்மருக்கு மட்டும் ஃபென்டனில் என்னும் வலுவான நோவுநீக்கி சேர்க்கப்பட்டது. அதனைப் பெறாதவர்களின் இரத்தத்தில் அட்ரினலின் முதலிய ஹார்மோன்கள் மிகுந்தன. அறுவைக்குப் பின்வந்த சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதி.

கியூரே உணர்வை நீக்குவதில்லை. அசைவையும் அழுகையையுமே நீக்குகிறது. வனாந்தரத்தில் ஆகாரின் பிள்ளையுடைய சத்தத்தைத் தேவன் கேட்டாரென்று பிரசங்கிக்கும் நாம், சத்தமே எழாதபடி செய்யப்பட்ட பிள்ளையைப் பற்றி எண்ணிப்பார்த்ததுண்டோ? ஆகவே சாட்சி இரத்தத்திலிருந்தே வரவேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் ஹிக்கியுடன் இணைந்து 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' ஆனந்த் எழுதிய நீண்ட கட்டுரையே அவருடைய எழுத்துகளில் சிறந்ததென்பேன். சிசுவின் நரம்புகளுக்கு மையலின் உறை முற்றுப்பெறவில்லை, ஆதலால் நோவு இல்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. வளர்ந்தோரிடத்திலும் நோவைக் கடத்தும் இழைகளில் பெரும்பாலானவை உறையற்றவையே என்று ஆசிரியர்கள் அமைதியாக எடுத்துக்காட்டுகின்றனர். உறையின்மையால் செய்தி சற்றுத் தாமதிக்கலாம். சிறிய உடலில் அது கடக்கவேண்டிய தூரமும் குறைவு. இவ்வளவு எளிய விடைக்கு முன் அந்த வாதம் எவ்வாறு நிலைத்தது என்பதே வியப்பு. மயக்கமருந்தால் சிசுவின் மூச்சும் இரத்த அழுத்தமும் தாழும் என்ற அச்சம் மட்டும் பொய்யன்று.

எனினும் இவ்வாய்வுகளின் வாதமுறையில் ஒரு குறை உண்டு. 'லான்செட்' கட்டுரை அளந்தது நோவையன்று, உடலின் பதற்றத்தை. அதன் தலைப்பும் அதற்குமேல் எதையும் உரிமை கொண்டாடவில்லை. இருவரும் இதய அறுவை குறித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஹாலோதேனும் மார்ஃபினும் பெற்ற 15 சிசுக்களில் 4 பேர் இறந்தனர். சூஃபென்டனில் மிகுதியாகப் பெற்ற 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. மருத்துவ உலகம் செவிகொடுத்தது பெரிதும் இத்தகைய எண்களுக்கே. நோவைத் தணித்தால் பிள்ளை பிழைக்கும். ஆதலால் தணிக்கவேண்டும் என்றாயிற்று.

பிழைப்புக்கு உதவாதெனில்? 2004இல் ஆனந்தும் பிறரும், செயற்கைச் சுவாசத்திலிருந்த ஏறத்தாழ 900 குறைமாதக் குழந்தைகளில் மார்ஃபினைச் சோதித்தனர். மரணமோ மூளை இரத்தக்கசிவோ குறையவில்லை. இரத்த அழுத்தம் தாழும் இடரும் காணப்பட்டது. தம் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை மறைக்காது வெளியிட்டது ஆனந்தின் நேர்மை. ஆனால் இரக்கத்தைப் பயனின்மேல் கட்டியிருந்தோர்க்கு இம்முடிவு கால்வாரிவிடும். மருந்து தவறாகலாம், அளவு தவறாகலாம். அதனால் நோவு இல்லையென்றாகிவிடாது.

ஃபென்டனில் பெறாத அந்த எண்மர் பற்றியும் கேட்கவேண்டும். வழக்கிலிருந்த முறையே அவர்களுக்கும் கிடைத்தது என்பது நியாயமான மறுமொழிதான். அது முழு ஆறுதல் தருவதில்லை.

அனைத்துலக நோவு ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய தன் வரையறையோடு ஒரு குறிப்பைச் சேர்த்தது. சொல்ல இயலாமை நோவின்மைக்குச் சான்றாகாது என்பது அதன் கருத்து. மருத்துவமனைத் திருப்பணிக்குப் பயிலும் மாணவர் 1987ஆம் ஆண்டுக் கட்டுரைகளை 2004ஆம் ஆண்டு ஆய்வோடு சேர்த்தே வாசிப்பாராக. தனித்து வாசித்தால் வெற்றிக்கதை மட்டுமே மிஞ்சும்.