நிதானம் என்னும் நெறி: இரட்சணிய யாத்திரிகமும் புலம்பெயர்ந்தோர் பற்றுறுதியும்

சிட்னியிலும் மெல்பேணிலும் தமிழில் வழிபடும் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. இந்நாட்டிற் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் செபித்தால், பெற்றோர் கொண்டுவந்த விசுவாசத்திற்கு அவர்கள் உண்மையாயிருக்கிறார்களா என்பதே அது. இவ்வினாவில் மொழிப்பற்றும் இறைப்பற்றும் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன. இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியமே விடை வைத்திருக்கிறது. அவ்விடையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலுள்ள 'பிஸ்டிஸ்' என்னும் சொல் நம்புதலையும் நம்பத்தக்கவராய் நிலைத்தலையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இவ்விரு பொருளும் பல சொற்களாகப் பிரிந்தன. சீர்திருத்தச் சபையினர் முன்னதற்கு விசுவாசம் என்றும் பின்னதற்கு உண்மை என்றும் வழங்கினர். கத்தோலிக்க வழக்கில் பின்னதற்குப் பிரமாணிக்கம் என்ற சொல் வேரூன்றியது. கலாத்தியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனிகளுள் ஒன்றாக வரும் 'பிஸ்டிஸ்' பழைய தமிழ் வேதாகமத்தில் விசுவாசம் எனவும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை எனவும் நிற்கிறது. ஆங்கிலப் புது மொழிபெயர்ப்புகள் பலவும் அவ்விடத்தில் பற்றுறுதி என்னும் பொருளையே கொள்கின்றன. ஆகவே, வாழ்நாள் முழுதும் ஒழுகிக் காட்ட வேண்டிய ஒரு பண்பு, தமிழ் வாசகருக்கு மனத்தளவில் ஏற்கும் கொள்கையாகத் தோன்ற இடமுண்டாயிற்று.

இந்த இடைவெளியில்தான் கிருஷ்ணபிள்ளை கையாண்ட சொல் கவனத்திற்குரியதாகிறது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' நூலில் வரும் 'ஃபெய்த்ஃபுல்' என்னும் வழித்துணைவன், அவர் காப்பியத்தில் நிதானி ஆகிறான். 1894இல் வெளிவந்த அக்காப்பியத்தின் ஐந்து பருவங்களுள் நடுவிலுள்ளது நிதான பருவம் என்றே பெயர் பெறுகிறது. இன்றைய பேச்சுவழக்கில் நிதானம் என்பது அவசரமின்மை மட்டுமே. ஆராய்ந்து தெளிதல், அளந்து மதிப்பிடுதல் என்பனவும் அச்சொல்லுக்குரிய பொருள்கள். தமிழ் வேதாகமத்திலும் நிதானித்தல் என்னும் வினை பகுத்தறிதல் என்ற பொருளில் வருகிறது. எனவே நிதானி கண்மூடிப் பின்தொடர்பவன் அல்லன்; தெளிந்தபின் தெளிந்ததிலிருந்து பெயராதவன்.

குற்றவாளிக் கூண்டில்

பனியன் கதையில் இத்துணைவன் மாயச் சந்தையிற் பிடிபட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். நன்மையைப் பகைப்பவன் நீதிபதி. பொறாமையும் மூடபக்தியும் முகத்துதியும் சாட்சிகள். சான்றாயர் குழுவின் தலைவன் குருடன். தீர்ப்பு மரணம். சித்திரவதைக்குப் பின் எரிக்கப்பட்டவனை விண்தேர் ஏற்றிச் செல்கிறது. அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் பன்னிரண்டாண்டுகள் பெட்ஃபோர்டில் சிறையிருந்தவர் பனியன். வழக்குமன்றத்தின் நடைமுறையை அவர் நேரில் அறிவார்.

தமிழ்ப் பெயர் இக்காட்சிக்கு மூலத்தில் இல்லாத ஒரு முரணை அளிக்கிறது. நிதானிக்க வல்லவன் எவனோ அவனே குற்றவாளியாக நிற்கிறான். தீர்ப்பளிக்கும் இருக்கையில் நிதானமே இல்லை. ஆங்கிலத்தில் அவன் நம்பிக்கை தவறாதவன். தமிழில் அவனே உண்மையான நீதிபதி. அவன் பற்றுறுதி, பகுத்தறிவின் முடிவாகிறது. பெயரளவில் நின்ற மாற்றமெனினும், கிறிஸ்தவ வாழ்வில் உண்மையாயிருத்தல் என்பதைப் பற்றித் தமிழ் கூறிய புதுக்கருத்தாக இதனைக் கொள்ளலாம்.

கம்பனைக் கைவிடாதவர்

இக்கருத்து கிருஷ்ணபிள்ளையின் வாழ்வோடு இயைந்தது. 1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து வளர்ந்தவர் அவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். உறவினர் கண்ணில் அது துரோகம். ஆயினும், சமயம் மாறியவர் யாப்பை மாற்றவில்லை. 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களில், கம்பன் வழிவந்த விருத்தத்திலேயே தம் புதிய ஆண்டவரைப் பாடினார். பழையவற்றுள் எதை விடுவது, எதைக் கொள்வது என்று நிதானித்த ஒருவரின் காப்பியம் இது.

'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டம் இவ்வுண்மையை ஓரளவு மறைத்துவிட்டது. கம்பனோடு ஒத்த உவமைகளையும் நாட்டு நகர வருணனைகளையும் பட்டியலிடுவதோடு ஆய்வுகள் பல நின்றுவிடுகின்றன. அவர் எதைக் கைவிட்டார் என்பதும் உடன் எண்ணப்பட வேண்டும். அதுபோலவே அவர் செலுத்திய விலையும் மறைக்கத்தக்கதன்று. பனியன் எழுதியது எளிய மக்களின் உரைநடை. பெரும் படிப்பில்லாதவரும் அதைப் படித்தனர். காப்பியச் செந்தமிழோ புலமைப் பயிற்சி உடையோருக்கே எளிதில் வழிவிட்டது. மரபுக்கு உண்மையாயிருந்தபோது, மூலநூல் நாடிய வாசகரிற் பலர் வெளியே நின்றனர்.

மற்றொரு பற்றுறுதி

இவரோடு ஒப்பிடத்தக்கவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவர், ரேனியஸ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்த்தபோது அதனைக் கடுமையாக எதிர்த்தார். சபையார் மனனம் செய்து வணங்கிய சொற்களை வெளியார் விருப்பப்படி மாற்றுதல் ஆகாது என்னும் அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் புதிய மிஷனரிமார் ஆலயத்தில் சாதிவாரி அமர்தலை ஒழிக்க முனைந்தபோதும் அவர் அதே உறுதியோடு எதிர்த்து நின்றார். வந்த மரபு முழுவதையும் ஒரே மூட்டையாகக் காத்தமையால், காக்கத்தக்க மொழியும் காக்கத்தகாத சாதியும் ஒன்றாகவே காக்கப்பட்டன. அங்கு உறுதி உண்டு, நிதானம் குறைவு.

புலம்பெயர் நிலத்தில்

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கு மேற்பட்டோர். அவருள் கிறிஸ்தவர் ஒரு சிறு பகுதியினர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன், மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க மரபுகளிலிருந்தும், தமிழகத்துச் சபைகளிலிருந்தும் வந்தோர் அவர்கள். 1977இல் உருவான அவுஸ்திரேலிய யுனைட்டிங் சபை, 1985இல் தன்னைப் பல்பண்பாட்டுச் சபையாக அறிவித்தது. அத்தகைய சூழலில் தமிழ் ஆராதனைக்கு இடம் கிடைப்பது அரிதன்று. அந்த இடத்தில் எது காக்கப்படுகிறது என்பதே வினா. கீர்த்தனையும் செபமும் மட்டுமா? திருமணப் பேச்சில் மெல்லக் கேட்கப்படும் ஊரும் சாதியும் கூடவா?

பெற்றோர் அஞ்சுவது வீணன்று. மொழி போனால், அம்மொழியில் மட்டும் சொல்லத்தக்க சில உண்மைகளும் போகும். நிதானி என்ற பெயர் தரும் பொருளே அதற்குச் சான்று. ஆனால் அப்பெயரே பிள்ளைகள் சார்பிலும் பேசுகிறது. பெற்றோர் கையளித்ததை ஆராயாது ஏற்கும் பிள்ளை கீழ்ப்படிவுள்ளவன். ஆராய்ந்து, தெளிந்து, அதில் நிற்பவனே நிதானி. அவன் ஆங்கிலத்தில் செபிக்கும் ஒரே காரணத்தால் அப்பெயரை இழப்பதில்லை. தமிழில் செபிப்பதால் மட்டும் அதைப் பெறுவதுமில்லை.

முடிவாக, இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பனின் நிழலாகவோ பனியனின் பெயர்ப்பாகவோ மட்டும் கற்பது போதாது. எதை விடுவது, எதை உயிர் போயினும் விடாதிருப்பது என்று தெரிந்துகொள்ளும் அறிவையே பற்றுறுதி எனத் தமிழில் பெயரிட்ட நூல் அது. வழித்துணைவன் மாயச் சந்தையில் மாண்டபின்பும் பயணி நடந்துகொண்டேயிருக்கிறான். சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்த சபைகள் அந்நூலைத் திரும்பத் திறப்பதற்கு இதுவே போதிய காரணமாகும்.