இந்நாள் வினாக்களை ரசிக்கும் விதம்

பத்திரிகையின் ஓர் ஓரத்தில் தேதியைப் போட்டு, அதன் கீழே, இதே தினத்தில் நிகழ்ந்த இன்ன சம்பவம் எந்த வருஷத்தைச் சேர்ந்தது என்று நாள்தோறும் கேட்கப்படும் வினாவை, கையிலுள்ள காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டிய ஒரு சின்னப் பரீட்சையாகவே பெரும்பாலோர் கருதுகிறார்கள். விடை சரியாயிருந்தால் சற்றே கர்வம். தவறிப்போனால் பக்கத்தைப் புரட்டிவிடுவது. ஆனால் இவ்வகை வினாவின் சுவாரஸ்யம் விடை தெரிந்த பிறகுதான் ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம். அச்சம்பவம் அந்தத் தேதியில் வந்து அமர்ந்தது தற்செயலாலா, அல்லது யாரேனும் வேண்டுமென்றே அதை அங்கே கொண்டுவந்து அமர்த்தினார்களா என்ற விஷயத்தை வருஷத்தை மட்டும் சொல்லும் விடை தொடுவதேயில்லை.

ஜனவரி 26ஐ எடுத்துக்கொள்வோம். இந்தியா குடியரசான வருஷம் 1950 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். அத்துடன் நில்லாமல், ஏன் 26 என்று திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டும். அரசியல் சாசனம் அரசியல் நிர்ணய சபையில் நிறைவேறியது 1949 நவம்பர் 26ஆம் தேதி. பிரஜா உரிமை முதலிய சில பிரிவுகள் அன்றே அமலுக்கு வந்துவிட்டிருக்க, எஞ்சிய பெரும்பகுதியை மட்டும் இரண்டு மாதம் காத்திருக்க வைத்தார்கள். காரணம், 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மகாசபை பூரண சுயராஜ்யமே தன் லட்சியமென்று தீர்மானித்ததைத் தொடர்ந்து, தேசமெங்கும் ஜனங்கள் பிரதிக்ஞை எடுத்துக்கொள்வதற்குக் குறிக்கப்பட்ட தினம் 1930 ஜனவரி 26 என்பதே. பதினேழு வருஷ காலம் சுதந்திர தினமென்று போற்றப்பட்ட அந்த நாள், உண்மையான சுதந்திரம் ஆகஸ்டில் வந்துவிட்டபடியால் திடீரென்று வேலையிழந்து நின்றது. அதற்குப் புதிய கௌரவம் அளிக்கவே குடியரசு அதன்மீது ஏற்றப்பட்டது. இன்னும் ஒரு படி பின்னே சென்றால், அந்த 26ஆம் தேதி அவ்வாண்டு ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது தெரியவரும். வேலை நாளல்லாத ஒரு தினத்தின் சௌகரியம், இருபது வருஷங்களில் ஒரு தேசத்தின் மகோற்சவமாக வளர்ந்துவிட்டது!

அதே ஜனவரி 26இல்தான், 1788ஆம் வருஷம், காப்டன் ஆர்தர் பிலிப் கைதிகளை ஏற்றிவந்த கப்பல்களுடன் சிட்னித் துறையில் இறங்கிப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஆஸ்திரேலியா தன் தேசிய தினத்தை அன்றுதான் கொண்டாடுகிறது. இதற்கும் நம் குடியரசுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இல்லாத இடத்தில் அதைக் கற்பித்து மகிழ்வது ஜோசியத்தின் காரியமே தவிர ரசிகனுடையதன்று. ஆனால் 1938இல், நூற்றைம்பதாவது ஆண்டு விழா நடந்த அன்றே அந்நாட்டுப் பூர்வகுடிகள் சிட்னியில் கூடி அதைத் துக்க தினமாக அனுஷ்டித்தார்கள் என்பதை அறிந்தவருக்கு, கப்பல் இறங்கிய வருஷத்தைச் சரியாகச் சொல்வது போதிய விடையாகத் தோன்றாது.

தற்செயலுக்கும் சித்தத்திற்கும் நடுவே தொங்கும் தேதிகளும் உண்டு. அவையே எனக்கு மிகவும் பிரியமானவை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை உருவாக்கியவர்களில் முதன்மையான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்ஸனும், அப்பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்றே, சில மணி நேர இடைவெளியில், வெவ்வேறு ஊர்களில் உயிர் நீத்தார்கள். முதல் நாள் இரவே நினைவு தப்பித் தப்பி வந்த ஜெபர்ஸன், நான்காம் தேதி பிறந்துவிட்டதா என்று அருகிலிருந்தோரை வினவியதாக அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போது, இது முற்றிலும் தற்செயல்தானா என்று மனம் தயங்குகிறது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: பிரிவதென்ற தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2இல், வருங்காலத்தார் கொண்டாடப்போகும் நாள் அதுவே என்று ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதியிருந்தார்.

இனி, தேதியையே சந்தேகிக்கக் கற்க வேண்டும். பிறந்த நாளை நட்சத்திரத்தாலும் சிரார்த்தத்தைத் திதியாலும் கணிக்கும் நம் குடும்பங்களில், ஒரே விசேஷம் இங்கிலீஷ் தேதியில் ஆண்டுதோறும் இடம் மாறுவது பழகிய சங்கதியாகையால், இப்பாடம் நமக்குச் சிரமமாயிராது. கலிலியோ மறைந்த வருஷத்திலேயே நியூட்டன் பிறந்தார் என்ற பிரசித்தமான வாக்கியத்தைப் பாருங்கள். கலிலியோ 1642 ஜனவரி 8இல் காலமானது இத்தாலி ஏற்றுக்கொண்டிருந்த புதிய கிரிகோரியன் நாட்காட்டிப்படி. நியூட்டன் 1642 டிசம்பர் 25இல் பிறந்தது இங்கிலாந்து இன்னும் விடாதிருந்த பழைய ஜூலியன் கணக்குப்படி. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் நியூட்டனின் பிறப்பு 1643 ஜனவரி 4க்குப் போய்விடுகிறது. வாக்கியத்தின் அழகும் அத்துடன் போய்விடுகிறது. இங்கிலாந்து 1752இல் புதிய கணக்குக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஆகவே அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தேதியொன்றில் அவ்வருஷம் லண்டனில் ஏதோ நடந்ததாக எவரேனும் வினாத் தொடுத்தால், சிரித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகலாம்.

நாட்காட்டி ஒன்றானாலும் கடிகாரம் ஒன்றாவதில்லை. மனிதன் சந்திரனில் இறங்கிய தேதி 1969 ஜூலை 20 என்று வினாத்தாள்கள் விடை தருகின்றன. அது அமெரிக்காவின் தேதி. நம் நாட்டுக் கடிகாரங்களில் அப்போது நள்ளிரவு கடந்து ஒன்றே முக்கால் மணிக்கு மேலாகிவிட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து கால் பதித்ததோ காலை எட்டரை மணிக்குச் சற்று முன்னர். ஆதலால் சென்னையில் இருந்துகொண்டு ஜூலை 21 என்று விடை எழுதுகிறவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்க எந்தப் பரீட்சகருக்கும் நியாயமில்லை.