சிற்றலைப் பெட்டி

மலேசியாவின் ஜாசின் பக்கத்துத் தோட்ட லயத்து வீடொன்றில், பலகைச் சுவரோரம் வீற்றிருந்த தகப்பனாரின் பழைய வானொலிப் பெட்டியை நான் ரசித்தது அதில் வந்த சங்கீதத்துக்காக மட்டுமன்று. முள்ளை மயிரிழையளவு நகர்த்துகையில் இரைச்சலுக்கடியிலிருந்து எழுந்து, அமிழ்ந்து, மீண்டும் எழுந்த இலங்கை வானொலிக் குரலின் அந்தத் தள்ளாட்டத்துக்காகவுந்தான்.

கடல் கடந்த அக்குரலைக் கூரைமேல் இறக்கிவைத்தது, சூரிய கிரணத்தால் மின்னேறி நிற்கும் அயனமண்டலம். அதுவோ சூரியனுக்கு மட்டும் அடங்கியதன்று. வடதுருவத்து அடுக்குமண்டலம் குளிர்காலத்தில் திடீரெனச் சூடேறும் விந்தையை 1952-இல் பெர்லினில் ஷெர்ஹாக் என்பார் கண்டார்; 2009 ஜனவரியில் அவ்வாறே சில தினங்களில் 50 பாகைக்குமேல் வெப்பம் ஏறியபோது, சூரியன் சாந்தமாயிருந்தும், பூமத்திய ரேகைப் பிரதேசத்து மின்துகள்கள் முற்பகலில் வழக்கத்தினும் உயர்ந்தெழும்பிப் பிற்பகலில் தாழ்ந்தன. துருவத்தில் உடையும் பேரலைகள், சந்திரனால் வாயுமண்டலத்தில் எழும் அரைநாள் ஏற்றவற்றத்தைப் பெருக்கிவிடுவதே இதற்கு முக்கிய காரணம். ஆகையால், நிலவு நாள்தோறும் சுமார் 50 நிமிஷம் பிந்தி உதிப்பதுபோல, இம்மாறுதலும் நாளுக்குநாள் பிந்துகிறது! பகலில் கிழக்கே ஓடவேண்டிய மின்னோட்டம் இக்காலங்களில் பிற்பகலில் மேற்கே திரும்புவதைத் திருநெல்வேலிக் காந்தமானிகள் பதிந்திருக்கின்றன. காந்த மத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கேயுள்ள ஜாசினும் இந்த ஆகாய நாடகத்தின் கொட்டகைக்குள்தான் இருக்கிறது.

தை மாதத்தில் பெட்டி கரகரத்தால், காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வந்த தகப்பனார் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி, படிக்கட்டில் வெயில் பார்த்து வரிசையாக அடுக்குவார். “சூடேறினாத்தான்டா பாடும்” என்பார்.