இரண்டு, எட்டு, ஒன்று

மே மாத வெயிலில் மரக்காணத்து உப்பளத்தில் இறங்கி வரப்பில் குந்திப் பார்த்தால், உப்பு பிறப்பது கண்ணுக்குத் தெரியும். பாத்தி நீரின் மேல் எள்ளளவு சதுரம் ஒன்று மிதக்கும். ஓரம் உயர்ந்து நடு குழியும். கனம் கூடியதும் அடியில் அமிழ்ந்துவிடும். அதே உப்புக்குப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் வேறொரு படம்: சோடியத்துக்கு மூன்று வட்டம், குளோரினுக்கு மூன்று வட்டம், ஒரு புள்ளியை அங்கிருந்து இங்கே அனுப்பும் அம்புக்குறி. எலக்ட்ரானைப் பற்றித் தலைமுறைகளாக நாம் கற்பிப்பது பெரும்பாலும் இந்தப் படத்தைத்தான்.

கணக்குக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. சோடியத்தின் கருவில் 11 புரோட்டான். வெளியே 2, 8, 1 என்று 11 எலக்ட்ரான். புரோட்டான் கருவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேதிவினையில் கூடுவதும் குறைவதும் எலக்ட்ரான் மட்டுமே. கடைசி ஒன்று போனால் 11 நேர், 10 எதிர்; மிச்சம் நேர்மின் ஒன்று. அதை ஏற்ற குளோரினில் 17 புரோட்டானுக்கு 18 எலக்ட்ரான், எதிர்மின் ஒன்று. மின்சுமை என்பது வெறும் கழித்தல் கணக்கு என்று 14 வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பது சாதாரணக் காரியமல்ல. ஒரு கிராம் உப்பில் நேர்மின் சுமை மட்டும் ஏறத்தாழ 1,650 கூலும். எதிர்மின்னும் அதே அளவு என்பதால்தான் அதை நாம் வெறுங்கையால் அள்ளுகிறோம்.

ஆனால் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தப் படம் தவறான பதிலைத் தருகிறது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913இல் வரைந்த வட்டப்பாதைகள் 1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டோடு காலாவதியாகிவிட்டன. 2, 8, 1 என்ற எண்கள் நிற்கின்றன. அவை ஒவ்வோர் ஆற்றல் படியிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. பாதைதான் இல்லை. கருவைச் சுற்றி முகில்போலப் பரவிய நிகழ்தகவு மட்டுமே உண்டு. அதற்குக் கோடு போட்டாற்போல் ஓரமும் கிடையாது.

எனக்கு அதைவிட உறுத்துவது அம்புக்குறிதான். சோடியம் எலக்ட்ரானைக் 'கொடுக்க விரும்புகிறது' என்கிறோம். தனித்த சோடிய அணுக்களிடமிருந்து அதைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அதை ஏற்கும்போது திரும்பி வருவது 349. அதோடு நின்றால் நட்டம். நேரும் எதிருமாக அயனிகள் படிகமாக அடுக்கி நெருங்கும்போது வெளிப்படும் 787 தான் கடனை அடைக்கிறது. அடுக்கைச் சொல்லாமல் கொடுத்தலை மட்டும் சொன்னால் காரணமே விட்டுப்போகிறது. 1913இலேயே எக்ஸ் கதிர் கொண்டு இயற்பியலாளர் பிராக் காட்டிவிட்டார்: ஒவ்வொரு சோடிய அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். உப்பில் ஜோடி இல்லை. பாத்தியில் மிதக்கும் சதுரம் அந்த அடுக்கின் முகம். மரக்காணத்தில் எந்த எலக்ட்ரானும் கைமாறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலில் அவை அயனிகளாகவே இருந்தன; வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

வட்டப்படம் முற்றாகத் தோற்கும் இடமும் இதே பாத்தியில்தான் இருக்கிறது. உப்பு விழுந்தபின் மிஞ்சும் கசப்புநீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மழைக்காற்றில் கசியும். சோடிய அயனிக்கும் மெக்னீசிய அயனிக்கும் எலக்ட்ரான் பத்துப் பத்துதான். படத்தில் இரண்டும் 2, 8, ஒரே வட்டங்கள். ஆனால் மெக்னீசியத்தில் 12 புரோட்டான். அதே பத்து எலக்ட்ரானை இறுக்கி இழுக்கிறது. சோடிய அயனியின் ஆரம் சுமார் 102 பைக்கோமீட்டர், மெக்னீசியத்துக்கு 72. சிறிய உருவத்தில் இரட்டைச் சுமை இருப்பதால் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கரைசலிலேயே நிற்கிறது.

வட்டங்களை அழிக்கச் சொல்லவில்லை. எண்ணிக்கைக்கு அவை இருக்கட்டும். அம்புக்குறியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த இரண்டு அயனிகளையும் அவற்றின் உண்மையான அளவு விகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பத்து எலக்ட்ரான் ஏன் இரண்டு இடத்தில் இரண்டு அளவாக இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கலாம்.