சபதமும் சாசனமும்

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, இன்றளவும் நம் இல்லங்களில் விரும்பிப் படிக்கப்படும் புதினமாகும். அதனை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

ஏழாம் நூற்றாண்டில் தக்காணத்தை ஆண்டது வாதாபிச் சாளுக்கியப் பேரரசு. அதன் தென்னெல்லையில், காஞ்சியைத் தலைநகராகவும் மாமல்லபுரத்தைத் துறைமுகமாகவும் கொண்டு விளங்கியது பல்லவ நாடு. வடக்கிலிருந்து படையெடுத்து வந்த இரண்டாம் புலிகேசியை, பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மணிமங்கலம் முதலிய இடங்களில் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்தான். ஏறத்தாழ 642-இல் வாதாபியையே கைப்பற்றினான்.

இவ்வரலாற்றின்மீது ஒரு கற்பனைப் பெண்ணின் சூளுரையை ஏற்றினார் கல்கி. வாதாபி எரிந்தாலன்றி அந்நகரை விட்டு அகலேன் என்கிறாள் சிறைப்பட்ட சிவகாமி. நகர் எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. ஆனால் அவள் காஞ்சி திரும்பும்போது மாமல்லன் வேறொருத்தியின் கணவன். ஏகாம்பரநாதரின் சந்நிதியே அவளுக்குப் புகலிடமாகிறது. பல நூறு பக்கங்களாகப் பழியுணர்வை வளர்த்த ஆசிரியர், இறுதியில் அதனை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார். புதினத்தின் உயர்வு இங்கேதான் உள்ளது. வெற்றி முரசை மட்டும் கேட்டு நூலை மூடுவோர் இதனைத் தவறவிடுகின்றனர்.

எனினும் ஒரு குறையைச் சுட்டியே ஆகவேண்டும். கல்கி காட்டும் புலிகேசி, கலையின் அருமை அறியாத கொடியவன். சாளுக்கியர் அனைவரும் அத்தகையோரே என்னும் எண்ணம் வாசகர் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. வரலாறோ வேறு சான்று தருகிறது. வாதாபி வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே நுழைந்தான். பழிதீர்க்க அவனுக்குக் காரணம் இருந்தது. ஆயினும், மாமல்லபுரக் கடற்கரைக் கோவிலை எழுப்பிய இராசசிம்மனே காஞ்சியிலும் கட்டிய கைலாசநாதர் கோவிலின் செல்வங்களைக் கண்ட அவன், அவற்றை அக்கோவிலுக்கே திரும்ப அளித்தான். இச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோவில் மண்டபத் தூணில் இன்றும் உள்ளது. அவனுடைய அரசி உலோகமாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய கோவிலிலும் காஞ்சிக் கோவிலின் சாயலைக் காணலாம்.

வென்றவன் மன்னித்தான் என்பதற்கு ஒரு தூண் சாட்சி நிற்க, எரித்தான் என்பதை மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வருகிறோம். மாமல்லபுரத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வோர், செங்கற்பட்டு வழியாகக் காஞ்சிக்கும் சென்று அந்தத் தூணையும் காட்டுவார்களாக.